மாட்டாஸ்பத்திரியில் சின்னையா பூ

கல்யாணமாகி நான் போய் இறங்கிய இடத்தை ஊரில் யாரும் வீடு என்று சொன்னதில்லை. மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி, "கால்நடை மருத்துவமனை நிறுத்தம் ஒண்ணு" என்று நான் டிக்கெட் கேட்டபோது கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள்தான் எனக்காகப் பேசினாள். "மாட்டாஸ்பத்திரிக்குங்க. புதுசா வந்த மாட்டு டாக்டரு சம்சாரம்." அன்றிலிருந்து நான் மாட்டு டாக்டரம்மா. அறுபத்தேழாம் வருஷம். எனக்கு வயது இருபத்தொன்று.

நான் பிறந்து வளர்ந்தது மாயவரத்துப் பக்கம், காவிரித் தண்ணீர் குடித்து. அங்கே பூச்செடி வளர்ப்பது என்றால் ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் குத்திவிட்டு மறந்துபோவது. அந்தத் திமிரோடு, எங்கள் வீட்டு மல்லிகைப் பதியன் இரண்டை ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு மொரப்பூர் வரைக்கும் ரயிலில் வந்தேன். வழியெல்லாம் தண்ணீர் தெளித்ததில் புடவைதான் நனைந்தது.

ஆஸ்பத்திரி முன்பக்கம் ஓட்டுக் கட்டடம். அதன் எதிரே, மாட்டை நிறுத்திப் பூட்டி ஊசி போடுவதற்கு ஒரு மரச்சட்டம். பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. அதற்கும் பின்னால் வேலி வரைக்கும் செம்மண்ணும் கல்லும். மரம் ஒன்று கிடையாது. காலையில் உதித்த சூரியன் சாயங்காலம் இறங்குகிறவரை எங்கள் புழக்கடையை விட்டு நகரமாட்டான். கிணறு உண்டு, ஆனால் வருகிற மாடுகளுக்கு வைத்தது போக மிச்சம்தான் மனுஷருக்கு, மனுஷருக்குப் போக மிச்சம்தான் செடிக்கு. மிச்சம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மல்லிகை மூன்றாம் வாரம் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நின்றது. என் கணவர் வந்து குனிந்து பார்த்தார். அதிகம் பேசாத மனிதர் அவர். எதையும் நோயாளியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"எப்பத்துல இருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நாலு நாளா."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே போய்விட்டார். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணை ஒரே ஒரு அட்டெண்டர். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். எது சொன்னாலும் "ஆய்த்துங்க" என்பார். கன்னடத்தில் அதற்கு 'சரி' என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. 'ஆயிற்று' என்கிறார், வேலையை முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். இப்படி ஒரு மனிதர் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாரே என்று வந்த புதிதில் அவரைப் பற்றி அம்மாவுக்குப் பெருமையாக எழுதிக்கூடப் போட்டேன்.

அவரிடம்தான் ஒருநாள் கேட்டேன். "கொல்லையில பூச்செடி போடலாம்னு இருக்கேன். மண்ணைக் கொஞ்சம் கிளறிக் குடுப்பீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கொல்லை வாங்கிட்டீங்களா? டாக்டரு ஒரு வார்த்தை சொல்லலியே! எங்கீங்க?"

"எங்கேயா? இதோ, பின்னாடிதான்" என்று கையை நீட்டினேன்.

நான் காட்டிய திசையில், வேலிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் அடுத்தவருடைய ராகிக் காடு. அவர் அதை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "பூவாங்க போடப் போறீங்க? அத்தினியும்?"

"ஆமாம். முழுக்கப் பூதான்."

"ஆய்த்துங்க" என்றார், கொஞ்சம் தயங்கி.

மறுநாள் விடிந்து காபி போடுவதற்குள் வேலியோரம் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அட்டெண்டர் ஒரு ஜோடி எருதும் ஏருமாக நிற்கிறார். அவருக்கு எதிரில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ராகிக் காட்டுக்காரர். "எங் கொல்லைய எனக்கே தெரியாம எவன்டா வித்தது?" என்று கத்துகிறார். அட்டெண்டர் பொறுமையாக, "டாக்டரு வாங்கிட்டாருங்க. அம்மாவே சொன்னாங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் கொல்லை என்றால் வீட்டின் பின்கட்டு. இங்கே கொல்லை என்றால் மானாவாரி நிலம். இதை நான் விளக்கிச் சொல்லி, என் கணவர் வெளியே வந்து, தான் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை என்று அந்த மனிதரிடம் மூன்று தரம் சொன்ன பிறகுதான் அவர் துண்டை அவிழ்த்தார். அவிழ்த்தவர் சிரித்துவிட்டார். "சரி, பூட்டின ஏரைச் சும்மா அவுக்கக் கூடாதுங்க" என்று அவரே மேழியைப் பிடித்து எங்கள் புழக்கடையை உழ ஆரம்பித்தார். நான்கு கட்டில் போடுகிற இடத்தில் இரண்டு எருது எப்படித் திரும்பும்? திரும்பிய திரும்பலில் துணி காயப்போட்ட கம்பம் சாய்ந்து, டாக்டரின் வெள்ளைச் சட்டைகள் இரண்டும் உழவுசாலுக்குள் போய்விட்டன. ஆனால் நிலம் நன்றாக ஆழ உழுதிருந்தது. அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு என் மல்லிகைத் துக்கத்தை எழுதியிருந்தேன். அவன் அங்கே மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ஐந்து விதைப் பொட்டலம் வாங்கித் தபாலில் அனுப்பினான். ஒவ்வொரு உறையிலும் வண்ணப் படம். 'தண்ணீர் கம்மியான இடத்துக்குப் பொருந்தும், வெயில்தான் முக்கியம் என்று கடைக்காரர் சொன்னார். ஒரே பருவம்தான் இருக்கும், பூத்து விதை கொடுத்துவிட்டுப் போய்விடும். உன்னைப் போல ஞாபகமறதிக்காரர்களுக்கு நல்லது' என்று எழுதியிருந்தான்.

அட்டெண்டரும் நானும் உறைகளைப் பரப்பிவைத்துப் பார்த்தோம். செண்டுமல்லி, வாடாமல்லி இரண்டும் அவருக்கே தெரிந்தன. காஸ்மாஸ் என்றேன், தலையாட்டினார். டேபிள் ரோஸ் என்றேன், ரோஸ் என்றால் தெரியும் என்றார். ஐந்தாவது உறையில் சிவப்பாக, தட்டு மாதிரி அடுக்கடுக்காக ஒரு பூ.

"இது பேரு என்னாங்க?"

"ஜின்னியா."

"சின்னையாவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூருல சித்தப்பனைத்தானுங்க சின்னையான்னு கூப்புடுவாங்க."

திருத்திப் பார்த்தேன். முடியவில்லை.

முதல் வருஷம் நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். டேபிள் ரோஸ் விதை வெடிமருந்துப் பொடி மாதிரி இருக்கும். அதை உள்ளங்கையில் கொட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது தும்மல் வந்தது. அவ்வளவுதான், அந்தப் பொட்டலம் முடிந்தது. மற்ற விதைகளில் பாதியை மருந்து பாட்டில் வருகிற மரப்பெட்டிகளில் மண் நிரப்பி விதைத்து, முளைத்ததும் எடுத்து நட்டேன். பிறகு எரு. மாட்டாஸ்பத்திரியில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் எருவுக்குப் பஞ்சம் கிடையாது. நாள் தவறாமல் கூடை கூடையாகக் கொட்டினேன். சமையலறைத் தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் இலைமேலேயே ஊற்றினேன்.

காஸ்மாஸ் என் உயரத்துக்கு வளர்ந்தது. பிறகு என் கணவர் உயரத்துக்கு. தழைதழையென்று இலை. ஒரு மொட்டுக்கூட இல்லை. ஜின்னியா இலையெல்லாம் விபூதி பூசியது போல வெளுத்துப் போயிற்று. செண்டுமல்லி வேர் அழுகிச் சாய்ந்தது. ராகிக் காட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "பூவுக்குத்தான் போட்டீங்களா, இல்லே மாட்டுத் தீவனத்துக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அறுத்து, கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கட்டிக் கிடந்த ஒரு எருமைக்குத்தான் போட்டோம்.

அன்றைக்கு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூவுக்காக மட்டும் இல்லை. பகலெல்லாம் முன்பக்கம் ஜனங்கள் வந்தபடி இருப்பார்கள்; ஆனால் அவர்கள் வருவது மாட்டுக்காக. டாக்டரைப் பார்ப்பார்கள், மாட்டைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். என்னோடு பேச ஒருத்தரும் பின்பக்கம் வந்ததில்லை.

அடுத்த வருஷம் மிச்சமிருந்த விதையை ஆடியில் முதல் மழை விழுந்ததும் நேராக நிலத்திலேயே விதைத்தேன். எரு போடப் போன கையை ராகிக் காட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்தே, "வேணாங்க!" என்று தடுத்துவிட்டார். ஐந்தாறு நாளில் முளைத்தது. நெருக்கமாக இருந்ததைப் பிடுங்கி ஒரு ஜாண் இடைவெளி விட்டேன். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். அப்போதுதான் தங்கை கல்யாணத்துக்கு மாயவரம் போகவேண்டி வந்தது. அட்டெண்டரைக் கூப்பிட்டு, "நான் வர பதினஞ்சு நாளாகும். தினமும் ஒரு குடம் தண்ணி, மறக்காம" என்றேன்.

"ஆய்த்துங்க."

கல்யாண வேலையில் பதினைந்து நாள் இருபத்திரண்டு நாளாகிவிட்டது. திரும்பி வந்து பெட்டியைக்கூட இறக்காமல் புழக்கடைக்கு ஓடினேன். ஜின்னியா முழங்கால் உயரத்தில், முறுக்கிய கிளைகளோடு, கிளைக்கு ஒரு மொட்டாக நின்றது. இரண்டு பூ விரிந்தே இருந்தது. குங்குமத்தைக் குழைத்துத் தட்டியது போன்ற சிவப்பு. காஸ்மாஸ் இடுப்பளவுதான். ஆனால் ரோஜா நிறத்தில் காற்றோடு ஆடிக்கொண்டிருந்தது. அட்டெண்டரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக, "எவ்வளவு அக்கறையா தண்ணி ஊத்தியிருக்கீங்க!" என்றேன்.

அவர் காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "ஊத்தலீங்க" என்றார்.

"ஒரு நாளும்?"

"கெணத்துல மாட்டுக்கே பத்தலீங்க. நடுவுல ஒரு மழை பேஞ்சுதுங்க. அதோட சரி."

அந்தச் செடிகளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் நான் ஊரில் இல்லாமல் இருப்பதுதான் என்று புரிந்தபோது கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

நன்றாகப் பூத்திருந்த அந்த மாதத்தில்தான் ஆடு வந்தது.

கொண்டுவந்தவள் இரண்டு கல் தூரத்திலிருந்து நடந்து வந்த ஒரு பெண்பிள்ளை. நாற்பது வயதிருக்கும். அவளிடம் இருந்தது மூன்றே வெள்ளாடு, அதில் இது சினையாடு. நான்கு நாளாக ஒரு தழை கடிக்கவில்லை. என் கணவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, மூங்கில் குழாயில் மருந்து புகட்டி, ஊசியும் போட்டார். "இன்னிக்கு இங்கேயே கட்டி வைங்க. அதுவா எதையாவது கடிச்சுதுன்னா பொழைச்சுக்கும்" என்றார். அவள் ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அகத்திக்கீரையை அதன் வாயருகே நீட்டிக்கொண்டே, "தீர்த்தமலையானே, ஒரு வாய் கடிக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடு அவளைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பது மத்தியானம்தான் தெரிந்தது. அவள் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் கயிற்றை உருவிக்கொண்டு பின்னால் வந்துவிட்டது. நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஜின்னியா வரிசையின் இந்த முனையில் தொடங்கி, ஒரு பூவைக் கடித்து, மென்று, அடுத்த பூவுக்கு நகர்ந்து, மிகவும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.

விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து அவளும் ஓடிவந்தாள். நான் ஆட்டை விரட்ட ஓடினேன், அவள் என்னைத் தடுக்க ஓடினாள். நடுவில் இருவரும் மோதிக்கொண்டோம்.

"அடிக்காதீங்க டாக்டரம்மா! தின்னுது பாருங்க, தின்னுது!"

"என் பூவைத் தின்னுது!"

"ஆமாங்க, பூவைத்தான் தின்னுது! மகராசியா தின்னட்டுங்க!" அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் கண்ணிலும் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆட்டைப் பார்த்துத்தான் அழுதோம்.

சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். ஆடு அந்த வரிசையின் கடைசிப் பூவை முடித்துவிட்டு அசைபோட ஆரம்பித்திருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதன் தாடை அசைவதை எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல அறிகுறி" என்றார்.

"எது?"

அவர் போய் நோயாளிப் பதிவேட்டில் 'பசி திரும்பியது' என்று எழுதினார். எதைத் தின்று திரும்பியது என்று எழுதவில்லை.

அடுத்த சந்தைக்கு அந்தப் பெண்பிள்ளை பாப்பாரப்பட்டி போயிருக்கிறாள். என்ன சொன்னாளோ, அட்டெண்டர் தன் பங்குக்கு என்ன சேர்த்தாரோ தெரியாது. மறுவாரம் என் புழக்கடை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். முன்னால் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது, டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார்கள்.

"சின்னையா இருக்குதுங்களா?"

எருதுக்கு வயிறு உப்பல், கன்றுக்குக் கழிச்சல், கோழிக்குத் தூங்கல். எல்லாவற்றுக்கும் சின்னையா வேண்டும். ஒருத்தர் தயங்கித் தயங்கி, "மாட்டுக்கு இல்லீங்க. எங்க மாமனாருக்கு. ரெண்டு நாளா களி எறங்கல" என்றார். மாமனாரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறித் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

என் கணவருக்கு அதுவரை கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அப்போது பார்த்தேன். "ஊசி போட்டது நான். மருந்து குடுத்தது நான். அது வேலை செய்ய ஆரம்பிச்ச நேரத்துல ஆடு எது எதிர்ல இருந்துதோ அதைத் தின்னுச்சு. துடைப்பம் இருந்தா துடைப்பத்தைத் தின்னிருக்கும்!"

"என்கிட்ட எதுக்குச் சத்தம் போடறீங்க? நானா போர்டு எழுதி மாட்டினேன்?"

அவர் வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராக நிறுத்திவைத்து விளக்கினார். பசுவுக்கு இரைப்பை நான்கு அறை என்று மண்ணில் படம்கூடப் போட்டுக் காட்டினார். எல்லாரும் மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, சரிங்க" என்று கடைசிவரை கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்தார்கள்.

எனக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பூ கேட்க வந்தவர்கள் பூ வாங்கிக்கொண்டு உடனே போகமாட்டார்கள். உட்கார்ந்து மழை பேச்சு, மகள் பேச்சு எல்லாம் பேசுவார்கள். அவர் முன்னால் கோபமாக இருந்த நேரத்தில் நான் பின்னால் ஊரைத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தருமபுரியிலிருந்து மேலதிகாரி ஜீப்பில் சோதனைக்கு வந்தார். போலி வைத்தியர்கள் என்றால் அவருக்கு ஆகாது. ஊர் ஊராகப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தார். பதிவேடுகளைப் பார்த்தார், மருந்து அலமாரியைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. புறப்படுகிற நேரத்தில், வாசலில் ஆடுகளோடு நின்ற பெண்பிள்ளையிடம், "ஏம்மா, இங்க வைத்தியம் நல்லா பண்றாங்களா?" என்று கேட்டார். அவள் யாரென்று சொல்லவேண்டுமா? அதே ஆட்டுக்காரிதான். சினையாடு குட்டி போட்டதைக் காட்டிவிட்டுப் போக வந்திருந்தாள். நான் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லா பண்றாங்கங்க. இந்த ஆடு செத்தே போயிருக்கும். டாக்டரு ஊசி போட்டாருங்க, கேக்கல. அப்பறம் சின்னையா குடுத்தாங்க. ஒடனே கேட்டுருச்சு."

அதிகாரியின் புருவம் ஏறியது. "சின்னையா குடுத்தாரா?"

"ஆமாங்க. இப்ப எங்க ஊருல எல்லாரும் சின்னையாதான். டாக்டருகிட்ட போறதே இல்லீங்க."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தச் சின்னையா இப்ப எங்க?" என்றார்.

"இங்கதானுங்க. டாக்டரு வூட்டுக்குப் பின்னால. டாக்டரம்மாதான் வெச்சிருக்காங்க."

ஜன்னலுக்குள்ளே நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அதிகாரி, மிகவும் சங்கடமான குரலில், "டாக்டர்... இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. "தெரியும் சார்" என்றார். "ரெண்டு வருஷமாவே இருக்கு. நானும் ஒண்ணும் சொல்றதில்ல. அவளுக்குப் பொழுது போகணுமில்லையா?"

அதற்கு மேல் அதிகாரி நிற்கவில்லை. விறுவிறு என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். போலி வைத்தியரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாரோ, வேறு என்ன நினைத்தாரோ. பின்னாலேயே என் கணவர், அவர் பின்னால் அட்டெண்டர், அவர் பின்னால் ஆட்டுக்காரி, ஆடு, குட்டி இரண்டு. நான் புழக்கடைக் கதவில் நின்றேன். பூ கேட்டு வருகிறவர்களின் மாடுகளுக்குப் பயந்து நான் தோட்டத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தேன்.

"எங்க அவன்?" என்றார் அதிகாரி.

"யாருங்க?" என்றேன்.

"சின்னையா!"

"இதாங்க" என்று அட்டெண்டர் குனிந்து ஒரு பூவைப் பறித்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "இதுவா?" என்றார். "ஜின்னியாங்க" என்றேன் நான். அவ்வளவுதான். அந்தப் பெரிய மனுஷர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, பிடித்துக்கொள்ள எதையோ தேடி, முள்வேலியில் கையை ஊன்றிவிட்டார்.

உள்ளங்கையில் முள் ஆழமாக ஏறிவிட்டது. என் கணவர் அவரை முன்பக்கம் அழைத்துப்போய் உட்காரவைத்து, மாட்டுக் குளம்பில் முள் எடுக்கிற இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்தார். கையை அசையாமல் பிடித்துக்கொள்ள அட்டெண்டர் வந்தார். பிடித்த பிடியில் பழக்கதோஷம் வந்துவிட்டது. அதிகாரி வலியில் கையை இழுத்தபோது, அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, "ஓ... ஓ... நில்லு, நில்லு" என்றார்.

அதிகாரி என்ன அறிக்கை எழுதினாரோ, எங்களுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. ஆனால் என் கணவர் அன்று முதல் ஜின்னியா என்று நூறு தரம் சொல்லிக்கொடுத்தும் ஒருத்தரும் மாறவில்லை.

வருகிற கூட்டத்துக்கு என் நான்கு வரிசைப் பூ எத்தனை நாள் தாங்கும்? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பூ முற்றிக் காய்ந்ததும் தலையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினால், இதழ் அடியில் அம்பு முனை மாதிரி விதை இருக்கும். அதைச் சேர்த்துப் பழைய செய்தித்தாளில் மடித்து, வருகிறவர்களுக்குக் கொடுத்து, "அடுத்த வூட்டுப் பூ கேக்காது. அவங்கவங்க வூட்டுல, அவங்கவங்க கையால விதைச்சாத்தான் கேக்கும்" என்றேன். இரண்டு வருஷத்தில் நானும் 'வூடு' என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

"பொய் சொல்றியே" என்றார் என் கணவர்.

"நீங்க உண்மை சொன்னீங்களே, யாராவது கேட்டாங்களா?"

எரு போடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், நல்ல வெயிலில் வையுங்கள் என்று நான் சொன்னபோது, தலைமுறை தலைமுறையாக வெள்ளாமை செய்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் வைத்தியத்துக்கு உண்டான பத்தியம் என்று அப்படியே கேட்டார்கள். அதற்கடுத்த ஆவணியில் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். குப்பைமேட்டு ஓரம், வைக்கோல்போர் பக்கம், மாட்டுக் கொட்டகை முன்னால், வழியெல்லாம் சிவப்புச் சிவப்பாக நின்றது. முக்கால்வாசியை ஆடு தின்றிருந்தது. தின்ற கிளை மறுபடி துளிர்த்து, ஒன்றுக்கு இரண்டாகப் பூத்திருந்தது.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து ஒரு பசு. ஊர்க் கோடியில் ஒரு வீட்டில் கன்று போட்டு மூன்று நாளாக வாயில் எதையும் வைக்கவில்லை. என் கணவர் காலையும் மாலையும் போய் வந்தார். புத்தகத்தை எடுத்து எடுத்துப் படித்தார். நான்காம் நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்த... உன்னோடது ஒண்ணு..."

"என்னோடது எது?"

"அதான். பின்னாடி."

"பேர் சொன்னாத்தானே தெரியும்?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சின்னையா" என்றார், வாய்க்குள்ளேயே.

நான் சிரிக்கவில்லை. மூன்று பூ பறித்துக் கொடுத்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தின்னுச்சா?"

"மோந்துகூடப் பாக்கல. மூஞ்சியைத் திருப்பிடுச்சு."

"ஐயோ."

"நான் குனிஞ்சு வயித்துல கை வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்போ என் மேல்பைல இருந்த சீட்டை இழுத்துத் தின்னுடுச்சு. மருந்துச் சீட்டு. நாலு பக்கம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, "அதோட வைக்கோலுக்கும் போயிடுச்சு. இனிமே பயமில்ல" என்றார்.

அந்த வீட்டுக்காரர் இதை வெளியில் சொல்லாமல் இருக்க என் கணவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. மருந்துச் சீட்டு கேட்டு யாரும் வரவில்லை, அதுமட்டும் நிச்சயம்.

எழுபத்துமூன்றில் மாற்றல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோதே புது டாக்டரும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். அந்தப் பெண் கோயமுத்தூர்ப் பக்கம், கையில் வளையல் குலுங்க, நல்ல சுறுசுறுப்பு. அடுப்பைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், பிறகு புழக்கடைக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆனி மாதம், விதைப்புக்கு முந்தைய வெறும் நிலம். மண்ணில் உதிர்ந்து கிடந்த சின்னையா விதை அவள் கண்ணுக்குத் தெரியாது.

"எடம் நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. கத்திரி போட்டா வருங்களா?"

"போட்டுப் பாருங்க" என்றேன்.

"வெயிலு கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"ஜாஸ்திதான்" என்று சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.